மகப்பேற்று வளம் காத்தல்: மகளிர்க்குள்ள வாய்ப்பும் தடையும்

(திருவண்ணாமலையில் மகாவீரர் ஜெயந்தி விழாவையொட்டி நடைபெற்ற மகளிர் அரங்கில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



திருவிழா மேடைகளில் பேசப்படும் பொருள்கள் பெரும்பாலும் அறிந்தனவே. சீவக சிந்தாமணியின் நயம், மேல்சித்தாமூர் மடத்தின் வரலாறு, பொன்னூர் மலையில் குந்தகுந்தர் தவமியற்றிய சிறப்பு, திருமலை நேமிநாதரின் ஓங்கிய திருமேனி ஆகியன பல்லாண்டுகளாகப் பேசப்பட்டும் சலியாதவை. இவ்வாண்டு மகளிர் அரங்கினர் வேண்டிய பொருளோ வேறு. இளம்பெண்கள் தம் சினைமுட்டைகளை எடுத்து உறைநிலையில் வைத்துக்கொள்ளும் மருத்துவ முறை யாது, அது யார்க்கு எட்டும், யார்க்கு எட்டாது, அறநெறியில் நிற்கும் குடும்பம் அதனை எவ்வாறு நோக்குவது என்பதே அப்பொருள். மேடைக்குத் தகாத பொருள் என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். வீட்டுக் கூடத்தில் தாயும் மகளும் இதனைப் பேசிக்கொள்ள இயலாமையாலேயே மேடையில் பேச நேர்ந்தது.

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ளல் வேண்டும். நாளிதழ்கள் இதனைக் 'கருமுட்டை உறைவிப்பு' என்று எழுதுகின்றன. இச்சொல்லாட்சியில் ஒரு பிழை ஒளிந்துள்ளது. ஆணின் விந்தணுவும் பெண்ணின் முட்டையும் கூடிய பின்னர் உண்டாவதே கரு. கூடுமுன் உள்ளது முட்டை மட்டுமே. கருவே அமையாத ஒன்றைக் கருமுட்டை என்றமையால், உயிருள்ள கருவைப் பனியில் இட்டு வைக்கின்றனர் என்ற எண்ணம் பலர் நெஞ்சிலும் பதிந்துவிட்டது. சினைமுட்டை என்னும் சொல்லும் முழுதும் பொருந்துவதன்று. சினைப்பசு, சினையாடு என்னும் வழக்கில் சினை என்பதும் சூலையே குறிக்கும். எனினும் இலக்கணத்தில் சினை என்பது உறுப்பு. கண்ணும் கையும் சினைப்பெயர்கள் என்று பள்ளியில் படித்தோம். பெண்ணுடலின் ஓர் உறுப்புக்கூறு என்ற பொருள்பட அச்சொல்லையே இவ்வுரை ஆள்கிறது. கருவுக்கும் முட்டைக்கும் உள்ள இவ்வேறுபாடு, பின்னர் அகிம்சை பற்றிப் பேசுங்கால் மீண்டும் வேண்டப்படும்.

இம்முறையின் வரலாற்றில் ஓர் இந்தியரின் துயரம் கலந்துள்ளது. 1978 சூலை 25 அன்று இங்கிலாந்தில் உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. அதற்கு இரண்டு திங்களுக்குச் சற்றுப் பின்னர், அவ்வாண்டு அக்டோபர் 3 அன்று, கொல்கத்தாவில் மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாயரின் முயற்சியால் ஒரு பெண் குழந்தை பிறந்தது. உடலுக்கு வெளியே உருவான கருவை உறைநிலையில் வைத்திருந்து, பின்னர்த் தாயின் கருப்பையில் சேர்த்தார் அவர். உறைநிலையில் காத்தல் என்னும் நுட்பத்தை அத்துணை முன்னதாகவே கையாண்ட அம்மருத்துவரை அரசு அமைத்த விசாரணைக் குழு நம்பவில்லை. வெளிநாட்டு மாநாட்டுக்குச் செல்லவும் அவர்க்கு இசைவு கிடைக்கவில்லை. தமது துறைக்குத் தொடர்பற்ற கண் மருத்துவ நிறுவனத்துக்கு மாற்றப்பட்ட அவர் 1981-இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். 1986-இல் மும்பையில் பிறந்த குழந்தையே இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை எனக் கருதப்பட்டு வந்தது. அம்முயற்சிக்குத் துணைநின்ற அறிவியலாளர் டி.சி. ஆனந்தகுமார், முகோபாத்யாயரின் குறிப்பேடுகளைப் படித்தறிந்து, அம்முதன்மை தமக்குரியதன்று, அவர்க்கே உரியது என்று 1997-இல் வெளிப்படையாக அறிவித்தார். பிறர்க்குரிய புகழைத் தாம் வைத்துக்கொள்ளாமல் திருப்பியளித்த அச்செயல், திருடாமை என்னும் விரதத்தைப் போற்றும் அவையில் தனியே நினைக்கத்தக்கது.

தமிழ்நாட்டில் 1990-ஆம் ஆண்டு மருத்துவர் கமலா செல்வராஜ் அவர்களின் முயற்சியால் தென்னிந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை சென்னையில் பிறந்தது. கருவை உறைவித்தல் ஒருவாறு கைவந்த பின்னரும் முட்டையை உறைவித்தல் நெடுங்காலம் கைவரவில்லை. மனித உடலின் உயிரணுக்களில் மிகப் பெரியது முட்டையே. அதனுள் நீரும் மிகுதி. மெல்ல மெல்லக் குளிர்வித்தால் அந்நீர் பனிப்படிகமாகி உள்ளிருந்தே கிழித்துவிடும். 1986-இல் சிங்கப்பூர் மருத்துவர் கிறிஸ்டோபர் சென் உறைவித்த முட்டையிலிருந்து குழந்தைப்பேற்றை நிகழ்த்திக் காட்டினார். ஆயினும் அது பொதுவழக்காக வளர மேலும் 20 ஆண்டுகள் ஆயின. படிகம் உண்டாகவே இடந்தராமல், கண்ணாடி போல ஒரு நொடியில் இறுகச் செய்யும் விரைவுறைவு முறை வந்த பின்னரே பத்து முட்டைகளில் எட்டோ ஒன்பதோ பிழைத்தெழும் நிலை ஏற்பட்டது. அமெரிக்க இனப்பெருக்க மருத்துவக் கழகம் 2012-இல்தான் 'சோதனை நிலையிலுள்ள முறை' என்ற அடைமொழியை நீக்கியது. ஆகவே இன்று முப்பது வயதிலுள்ள பெண்ணின் தாய்க்கு இவ்வாய்ப்பு இல்லை; அவள் பாட்டிக்கோ இப்படியொன்று உண்டென்ற எண்ணமே எழுந்திராது.

இனி, உடலின் கணக்கு. ஆணுக்கு விந்தணு வாழ்நாள் முழுதும் புதிது புதிதாக உண்டாகிறது. பெண்ணோ தன் வாழ்நாளுக்குரிய முட்டைகள் அனைத்தையும் தாய் வயிற்றிலேயே பெற்றுப் பிறக்கிறாள். பிறக்கும்போது பத்து இலட்சம் முதல் இருபது இலட்சம். பூப்பெய்தும்போது மூன்று நான்கு இலட்சம். அதன்பின் ஒவ்வொரு திங்களும் பல கழிந்து, 35 வயதுக்குப் பின்னர் எண்ணிக்கையும் தரமும் விரைந்து குறைகின்றன. தலைமயிர் நரைக்காமல் இருக்கலாம், உடல் வலுவோடு இருக்கலாம், சூலகத்தின் வயது மட்டும் நிற்பதில்லை. கருப்பையோ அவ்வாறன்று, அது நீண்ட நாள் பணியாற்ற வல்லது. இவ்விரண்டின் வயது ஒவ்வாமையே இம்மருத்துவத்தின் அடிப்படை.

செய்முறையைச் சுருங்கக் கூறலாம். மாதவிலக்கின் தொடக்கத்தில் இரத்தச் சோதனையும் ஸ்கேனும் எடுத்து, எத்தனை முட்டைகள் கிட்டக்கூடும் என மதிப்பிடுவர். பின்னர்ப் பத்துப் பன்னிரண்டு நாள்கள் நாள்தோறும் ஹார்மோன் ஊசி. இடையிடையே ஸ்கேன். முட்டைகள் முதிர்ந்ததும் இறுதி ஊசி ஒன்று. அது போட்ட ஏறத்தாழ 36 மணி நேரத்தில் மயக்க மருந்து கொடுத்து, ஊசி வழியே முட்டைகளை உறிஞ்சி எடுப்பர். அன்றே வீடு திரும்பலாம். எடுத்த முட்டைகள் திரவ நைட்ரசனில், பூச்சியத்துக்குக் கீழ் 196 பாகை செல்சியசில் வைக்கப்படும். சிலர்க்கு வயிறு உப்புதல், குமட்டல் உண்டாகும். அரிதாகச் சூலகம் அளவுக்கு மீறித் தூண்டப்பட்டு மருத்துவமனையில் தங்க நேரும். அந்த இறுதி ஊசி பெரும்பாலும் இரவில் போடப்படும் என்பதால், இரவில் எதுவும் உட்கொள்ளாத நோன்புடைய பெண்கள் ஐயுறுவதுண்டு. ஊசி உணவாகாது, எனினும் முன்கூட்டியே மருத்துவரிடம் நோன்பைக் கூறிவிட்டால் மாத்திரைகளின் வேளையைப் பகலுக்கு மாற்றித் தருவர்.

இச்செய்முறையைத் திருவண்ணாமலையிலிருந்து நோக்கினால்தான் 'எட்டுதல்' என்ற சொல்லின் பொருள் விளங்கும். சென்னை ஏறத்தாழ 190 கிலோமீட்டர். வேலூர் அதில் பாதியினும் குறைவு. அங்குக் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இனப்பெருக்க மருத்துவத்துக்கெனத் தனித்துறையே உண்டு. ஆயினும் பத்துப் பன்னிரண்டு நாள்களில் நான்கைந்து முறை ஸ்கேனுக்குச் செல்லுதல் என்றால், வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்தோ போளூர்ப் பக்கத்திலிருந்தோ ஒரு பெண் யாரிடம் என்ன சொல்லிவிட்டுப் பேருந்து ஏறுவாள்? பௌர்ணமி கிரிவல நாளில் அப்பேருந்தில் கால்வைக்கவும் இடமிராது. சென்னையிலோ பெங்களூருவிலோ கணினி நிறுவனத்தில் பணியாற்றி விடுதியில் தங்கியிருப்பவளுக்கு அலுவலகம் செல்லும் வழியில் முடிந்துவிடுகிற காரியம், ஊரில் பெற்றோருடன் இருந்து பள்ளியில் பணியாற்றுபவளுக்கு ஒரு வீட்டுப் போராட்டமாகிறது. செலவு ஒரு முறைக்கே இலட்சத்தைக் கடக்கும். போதிய முட்டைகள் கிட்டாவிடில் மறுமுறையும் வேண்டும். ஆண்டுதோறும் பாதுகாப்புக் கட்டணம் தனி. நகரமும் நல்ல ஊதியமும் உடையார்க்கே இது இன்று வாய்த்துள்ளது என்பதை மறைக்க வேண்டியதில்லை. குழந்தைப்பேறற்ற தம்பதியர்க்காகச் சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் கருத்தரிப்பு மையம் ஒன்றைத் தமிழ்நாட்டரசு நிறுவியிருப்பது நல்ல தொடக்கம். ஏழைப் பெண்ணின் முட்டை காக்கப்படுவதற்கு அது வழியாகுமாயின் பெரும்பயன் விளையும்.

சட்டம் என்ன கூறுகிறது என்பதில் பலர்க்கும் தவறான எண்ணம் உண்டு. மணமாகாத பெண் இதனைச் செய்துகொள்ளக் கூடாது என்றே பலரும் நம்புகின்றனர். இந்திய நாடாளுமன்றம் 2021-இல் இயற்றி, 2022 சனவரி 25 முதல் நடைமுறைக்கு வந்த உதவிப் பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம் அவ்வாறு கூறவில்லை. குழந்தையின்மை, நோய் ஆகியவற்றோடு சமூகக் காரணங்களுக்காகவும் இனஅணுக்களை உறைவித்தல் அதன் முகப்பு வாசகத்திலேயே இடம்பெற்றுள்ளது. மணமானவளாயினும் ஆகாதவளாயினும், 21 வயதுக்கு மேல் 50 வயதுக்குட்பட்ட பெண் தன் இசைவை எழுத்தில் தந்து இச்சேவையைப் பெறலாம். பதிவு பெற்ற மருத்துவமனையாக இருத்தல் வேண்டும். முதல் நிலை என்று பதிவானவை எளிய சேவைகளுக்கு மட்டுமே உரியன; முட்டை எடுக்கும் உரிமை இரண்டாம் நிலைப் பதிவுடையவற்றுக்கே உண்டு. வாயிலில் மாட்டியிருக்கும் சான்றிதழில் இதனைக் காணலாம். தங்கம் வாங்கும்போது ஹால்மார்க் முத்திரை தேடும் கண்ணுக்கு இது கடினமன்று.

இத்தகைய சட்டம் ஏன் வேண்டியிருந்தது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்றுண்டு. 2022-இல் ஈரோட்டில், 16 வயதுச் சிறுமி ஒருத்தியைப் போலி ஆதார் அட்டை கொண்டு வயது வந்தவளாகக் காட்டி, அவளுடைய முட்டைகளைப் பலமுறை எடுத்து விற்ற கொடுமை வெளிப்பட்டது. பெற்ற தாயும் இடைத்தரகரும் கைது செய்யப்பட்டனர். தொடர்புடைய மருத்துவமனைகள் மீதும் அரசு நடவடிக்கை எடுத்தது. அச்செய்தியைப் படித்த பல தாய்மார் 'முட்டை' என்ற சொல்லைக் கேட்டாலே அஞ்சுகின்றனர். அச்சம் நியாயமானதே. ஆனால் பிறர் பொருளீட்டுவதற்காக ஏழைச் சிறுமியின் உடலைச் சுரண்டுதல் வேறு; அறிவு முதிர்ந்த பெண் தனக்கெனத் தன் முட்டையைக் காத்துக்கொள்ளுதல் வேறு.

இப்பொருளில் எவரும் கருத்து வேறுபட இடமில்லாத பகுதி ஒன்றுண்டு. அது நோயுற்ற பெண்களைப் பற்றியது. 24 வயதுப் பெண்ணொருத்திக்கு மார்பகப் புற்றுநோய் என்று ஆரணியிலோ செய்யாற்றிலோ ஒரு குடும்பம் அறிய நேர்வதாக எண்ணிப் பார்க்கலாம். வீடே இடிந்து போகும். எங்கே செல்வது, அடையாற்றுப் புற்றுநோய் நிறுவனமா, வேலூரா, பணத்துக்கு எந்த நிலத்தை விற்பது என்பனவே பேச்சாக இருக்கும். கீமோதெரபி தொடங்க இரண்டு வாரம் இருக்கிறது. அவ்விரண்டு வாரத்துக்குள், "இம்மருந்து சூலகத்தை வறட்டிவிடக்கூடும், முட்டையைக் காத்துக்கொள்ள விரும்புகிறாயா?" என்று யாரேனும் அவளைக் கேட்டாக வேண்டும். முன்பெல்லாம் மாதவிலக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று எந்நாளிலும் ஊசியைத் தொடங்கி இரண்டு வாரத்துக்குள் முடிக்கும் முறை உள்ளது. ஹார்மோனால் வளரும் மார்பகக் கட்டியாயினும் அதற்கேற்ற மாற்று மருந்து சேர்த்துச் செய்கின்றனர். பூப்பெய்தாத சிறுமியர்க்குச் சூலகத் திசுவையே எடுத்து உறைவித்து, பின்னாளில் திரும்பப் பொருத்தும் முறையும் உண்டு. பெல்ஜியத்தில் 2004-இல் இவ்வாறு பொருத்தப்பெற்ற பெண்ணொருவர் குழந்தை பெற்றார். மருத்துவம் இருந்தும் கேள்வி கேட்கப்படாமையால் வாய்ப்பிழந்த பெண்கள் எத்தனையோ பேர். ஐந்தாண்டு கழித்து நோய் நீங்கி நலமாக எழுந்து நிற்கும்போது, "அன்றே ஒருவரும் சொல்லவில்லையே" என்று அவள் கேட்டால் விடை கூற யாரால் இயலும்? சட்டத்திலும் ஓர் இடர்ப்பாடு உள்ளது. அது 21 வயதைக் குறிப்பதால், 19 வயதில் இரத்தப் புற்று கண்டவளுக்கு என் செய்வது என்று மருத்துவரும் தயங்க நேர்கிறது. திருத்தம் வேண்டிய இடம் இது.

ஆண்களும் இதில் விலக்கல்லர். இளம் புற்றுநோயாளி ஒருவர் 2020-இல் டெல்லியில் கீமோதெரபிக்கு முன் விந்தணுவை உறைவித்து வைத்தார். சில திங்களில் மறைந்தார். அதனைத் தமக்குத் தருமாறு பெற்றோர் கேட்டபோது மருத்துவமனை தர இயலாது என்றது. நான்காண்டு வழக்கு நடந்து, 2024 அக்டோபரில் டெல்லி உயர்நீதிமன்றம் பெற்றோர்க்கு ஒப்படைக்க ஆணையிட்டது. தமக்குப் பின் என் செய்ய வேண்டும் என்பதை எழுதி வைத்தல் எத்துணை இன்றியமையாதது என்பதற்கு இவ்வழக்கு சான்று. இறப்பு அல்லது செயலிழப்பு நேர்ந்தால் என்ன செய்வது என்ற எழுத்துமூல அறிவுறுத்தல் இல்லாமல் உறைவித்தல் கூடாது என்றே இப்போதைய சட்டம் கூறுகிறது.

நோயின்றி, காலம் தாழ்த்துதற்பொருட்டுச் செய்துகொள்வோர் பற்றி இனிக் காண்போம். 1997-இல் உலக அழகியாகத் தேர்வு பெற்ற டயானா ஹைடன் தம் முப்பதுகளில் முட்டைகளை உறைவித்து, பின்னர் மணம் புரிந்து, 2016-இல் 42-ஆம் வயதில் அம்முட்டையிலிருந்து பெண் குழந்தை பெற்றார். நாளிதழ்களில் அச்செய்தி வந்த பின்னரே நம் நாட்டில் பலர் இம்முறையைக் கேள்விப்பட்டனர். வெற்றி பெற்றவர் செய்தியே அச்சேறும் என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். பத்து முட்டை என்பது பத்துக் குழந்தையன்று. அமெரிக்க ஆய்வாளர் சிலர் 2017-இல் வெளியிட்ட கணிப்பின்படி, 20 முதிர்ந்த முட்டைகளை 34 வயதில் காத்து வைத்தவளுக்கு ஒரு குழந்தையேனும் பிறக்கும் வாய்ப்பு நூற்றுக்குத் தொண்ணூறு அளவில். 37 வயதில் எழுபத்தைந்து. 42 வயதிலோ முப்பத்தேழு. இருபது முட்டைகள் ஒரே முறையில் எல்லார்க்கும் கிட்டுவதுமில்லை. இருபத்தைந்து வயதில் எடுத்தால் முட்டை நன்று, ஆனால் பெரும்பாலோர்க்கு அது தேவைப்படாமலே போகும். நாற்பதில் எடுத்தால் தேவை மிகுதி, முட்டை நலிந்திருக்கும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சில ஆண்டுகளே பொருத்தமானவை. அவ்வாண்டுகளில்தான் பெண்ணிடம் பணமும் இராது, துணிவும் இராது. விளம்பரங்களில் இவ்வுண்மை எழுதப்படுவதில்லை.

பிற நாடுகள் இதனை வெவ்வேறு வகையில் நோக்குகின்றன. சீனாவில் மணமாகாத பெண்ணுக்கு அனுமதியில்லை. பெய்ஜிங் மருத்துவமனை ஒன்று மறுத்ததை எதிர்த்து வழக்குத் தொடுத்த பெண், 2024-இல் இறுதி மேல்முறையீட்டிலும் தோற்றார். சிங்கப்பூரில் 2023 சூலை முதல் 21 முதல் 37 வயது வரையுள்ள பெண்கள் காரணம் கூறாமலே காத்துக்கொள்ளலாம். பயன்படுத்துதல் மட்டும் மணமான பின்னரே. இங்கிலாந்து பத்தாண்டு வரம்பை நீக்கி, பத்தாண்டுக்கொரு முறை இசைவைப் புதுப்பித்து 55 ஆண்டு வரை வைத்திருக்க 2022-இல் வழிசெய்தது. டோக்கியோ நகர ஆட்சி 2023 முதல் பண உதவியே தருகிறது. அமெரிக்காவின் ஃபேஸ்புக், ஆப்பிள் நிறுவனங்கள் 2014-இல் தம் பெண் ஊழியர்க்கு இச்செலவை ஏற்பதாக அறிவித்தபோது புகழ்ந்தோரும் உண்டு, "பிள்ளையைத் தள்ளிப்போடு, வேலையைத் தள்ளிப்போடாதே என்பதா?" எனக் கடிந்தோரும் உண்டு. கடிந்தோர் பக்கமும் நியாயம் உள்ளது. மகப்பேற்று விடுப்பையும் குழந்தைக் காப்பகத்தையும் ஒழுங்காகத் தந்தால் பல பெண்களுக்கு இந்த உறைபெட்டியே வேண்டியிராது.

இனி அகிம்சை. சமணக் குடும்பங்களில் எழும் முதல் ஐயம் இதுவே, எழுவதே முறை. உமாசுவாமி அருளிய தத்துவார்த்த சூத்திரம் பிறப்பைச் சம்மூர்ச்சனம், கர்ப்பம், உபபாதம் என மூவகைப்படுத்துகிறது. மனிதப் பிறப்பு கர்ப்ப வகை; தாய் தந்தையரின் கூறுகள் கலத்தலால் அமைவது என உரையாசிரியர் விளக்குவர். அவ்வாறாயின் கலப்பு நிகழாத தனிமுட்டை, திங்கள்தோறும் இயல்பாகக் கழியும் உடற்கூறே அன்றிப் பஞ்சேந்திரிய உயிர் ஆகாது. அதனைக் காத்தலிலும், வேண்டாதபோது விடுதலிலும், கருவைச் சிதைக்கும் பழி இல்லை. கருவை உறைவித்தலோ வேறு நிலை. தம்பதியர் பலர் கருக்களாகவே உறைவிக்கின்றனர். எஞ்சியவற்றைப் பத்தாண்டுக்கு மேல் வைத்திருக்கச் சட்டம் இடம் தருவதில்லை. பின்னர் அழிய விடவோ ஆய்வுக்குத் தரவோ வேண்டும். நோன்புடையார் நெஞ்சு அதற்கு இசையாது. ஆகவே, வாய்ப்பிருந்தால் கருவாக வைப்பதினும் முட்டையாக வைத்தல் சமணர்க்கு உகந்தது எனக் கொள்ளலாம். பின்னாளில் பயன்படுத்தும்போதும், அனைத்து முட்டைகளையும் ஒருங்கே கருவுறச் செய்யாமல், கருப்பையில் சேர்க்கும் அளவுக்குச் சிலவற்றை மட்டும் கருவுறச் செய்யுமாறு மருத்துவரைக் கேட்கலாம். வெற்றி வாய்ப்பு சற்றுக் குறையும். ஆயினும் மிச்சக் கரு என்ற சிக்கல் எழாது. இத்தாலி 2004-இல் மூன்று கருக்களுக்கு மேல் உருவாக்குதல் கூடாதெனச் சட்டம் இயற்றியபோது அந்நாட்டு மருத்துவர் முட்டை உறைவிக்கும் கலையில் முனைந்து தேர்ந்ததும் இக்காரணத்தாலேயே. அச்சட்ட வரம்பைப் பின்னர் நீதிமன்றம் தளர்த்தியது. கைவந்த கலை நின்றது. நுண்பொருளில் ஐயம் எஞ்சினால் ஆசாரியப் பெருமக்களை அணுகிக் கேட்டறிதல் நன்று. மருத்துவரிடம் கேட்கத் தயங்குவதையும் அவர்களிடம் கேட்கலாம்.

அறக்கட்டளை என் செய்யலாம் என்ற வினாவும் மகளிர் அரங்கினரால் வைக்கப்பட்டது. நம் சமூகம் சிறியது. ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி இந்தியச் சமணரிடையே ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைப்பேறு 1.6, நாட்டின் சராசரியான 2.0-இனும் குறைவு. மக்கள்தொகை அருகிவரும் பார்சிகளுக்கென நடுவண் அரசு 2013-இல் 'ஜியோ பார்சி' என்னும் திட்டத்தைத் தொடங்கி, குழந்தைப்பேற்று மருத்துவத்துக்குப் பண உதவி செய்கிறது. சமணரும் 2014 முதல் தேசியச் சிறுபான்மையினராக அறிவிக்கப்பட்டுள்ளமையால், 'நமக்கும் அத்தகைய திட்டம் வேண்டும்' என்று கேட்கும் குரல் எழக்கூடும். கேட்கலாம். ஆனால் அத்திட்டத்தின் விளம்பரங்கள் மணமாகாத பெண்களையும் பிள்ளையில்லாதோரையும் எள்ளி நகையாடுவன என்று பார்சிப் பெண்களே வருந்திக் கண்டித்ததையும் நினைக்க வேண்டும். சமூகத்தின் எண்ணிக்கையைப் பெருக்கும் கடமையை ஒரு பெண்ணின் சூலகத்தின் மேல் சுமத்துதல் தகாது.

ஆகாரம், அபயம், ஒளடதம், சாத்திரம் என்னும் நால்வகைத் தானத்துள் ஒளடத தானம் நெடுங்காலமாக இல்லறத்தார் கடமை. புற்றுநோய் முதலான கொடுநோயால் மகப்பேற்று வளம் இழக்கவிருக்கும் பெண்ணுக்கும் ஆணுக்கும், சிகிச்சை தொடங்குமுன் முட்டையையோ விந்தணுவையோ காத்துத் தரும் செலவு அத்தானத்துள் ஐயமின்றி அடங்கும். ஆண்டுக்கு ஒருவரோ இருவரோதான் வருவர். கல்வி உதவித்தொகைக் கணக்கோடு ஒப்பிட்டால் பெருந்தொகையன்று. கேட்போர் பெயர் குழுக் கூட்டத்தில் படிக்கப்படுதல் கூடாது. இரண்டு நாளில் முடிவு செய்யப்படல் வேண்டும். ஏனெனில் கீமோதெரபி காத்திராது. நோயின்றித் தன் விருப்பால் செய்துகொள்வோர்க்கு அறக்கட்டளைப் பணம் தருவது இப்போதைக்குப் பொருந்தாது. அதற்கு மேல் தேவைகள் பல உள. ஆயினும் அவர்களைப் பற்றித் தெருவில் பேசாதிருத்தல் செலவில்லாத உதவி.

இறுதியாக, கூட்டம் தொடங்குமுன் தாய்மார் ஒருவர் தாளில் எழுதிக் கொடுத்த வினா. "பெண் முட்டையை உறைய வைத்திருக்கிறாள் என்பதை மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்ல வேண்டுமா?" என்பது அது. பெண் பார்க்க வரும் நாளில், சித்தப்பாவும் பெரியம்மாவும் அமர்ந்திருக்கும் கூடத்தில் சொல்லவேண்டிய செய்தி அன்று. கண்ணாடி அணிவதையும் குடலிறக்க அறுவையையும் அங்கே யாரும் விரித்துரைப்பதில்லை. ஆனால் மணக்கவிருக்கும் ஆண்மகனிடம், பேச்சு உறுதியாகுமுன், அவளே சொல்லுதல் வேண்டும். ஏனெனில் பின்னாளில் அம்முட்டை பயன்படுமாயின் அவனும் அதில் பங்குடையவன். கேட்டவுடன் அவன் முகம் மாறினால் அதுவும் முன்னதாக அறிந்துகொள்ளத்தக்க செய்தியே. உறைவித்த நாளில் பெற்ற தாள்களை, அதாவது எத்தனை முட்டை, எந்நாள், எந்த மருத்துவமனை, கட்டணம் எது வரை செலுத்தப்பட்டது என்பவற்றை, மகள் தன் கைவசமே வைத்திருத்தல் நல்லது. புகுந்த வீட்டுக்கோ வெளிநாட்டுக்கோ சென்ற பின் முகவரி மாற்றத்தை மருத்துவமனைக்கு எழுதித் தெரிவிக்கவும் மறக்கலாகாது. ஆண்டுக் கட்டண நினைவூட்டல் பழைய வீட்டுக்கே வந்து கொண்டிருக்கும்.